உள்பக்கம் ஒரு பை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்து சேரும்வரை இன்னும் கொஞ்சம் கூடுதல் நலமாகவே இருந்தோம். அத்தானுக்கு முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. உன் நிபந்தனைகளை வாசித்துக் காட்டியதும் சிரித்த சிரிப்பில் அதை மறந்துவிட்டார். அந்த வகையில் உனக்கு நன்றி.

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த ஊரில் வேலைப் பஞ்சமே வராது. முதல் மாடிக்குப் போகக்கூட லிஃப்டுக்காக நிற்கிற ஜனங்கள். மற்றதைக் கடிதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் போனில் பாதி நேரம் 'ஹலோ ஹலோ'விலேயே போகிறது, மீதி நேரம் நீ 'சரி சரி' என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீ 'அப்படிச் சொல்லவே இல்லையே' என்று தப்பிக்க முடியாது.

ஆகஸ்டில் நீங்கள் நாலு பேரும் வந்து இறங்கும்போது வீடும் பள்ளிக்கூடமும் தயாராக இருக்க வேண்டும் என்கிறாய். இருக்கும். ஆனால் ஒன்றை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள். இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் இன்ன தெரு முதல் இன்ன தெரு வரை என்று எல்லை உண்டு. எல்லைக்குள் குடியிருந்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். தெருவின் இந்தப் பக்கத்துக்கு ஒரு பள்ளி, எதிர்ப்பக்கத்துக்கு வேறு பள்ளி. ஆகவே நீ வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பள்ளியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறாய். இரண்டையும் தனித்தனியாக எழுதி என்னைப் படுத்தாதே.

பள்ளிகளைப் பற்றி எனக்குத் தெரியும். சீருடைக் கடையில் தையல் மேஜையே கதியென்று இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் கிழிந்து வந்தால் அந்தப் பள்ளியில் விளையாட விடுகிறார்கள் என்று அர்த்தம். காலர் கிழிந்து வந்தால் அடித்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே கிழியாத ஒரு பள்ளியும் இருக்கிறது, மதிப்பெண்ணில் அதுதான் முதல். அதற்கு நேர் எதிரே மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாகிறது. இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம், கீழேயே பஸ் நிறுத்தம். உடனே பதில் போடு.

பெரியவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், கண்ணாடியின் பவர் உட்பட. சின்னவளைப் பற்றி 'அவளும் நன்றாக இருக்கிறாள்' என்று ஒரு வரி. நான் கடைசியாக வந்தபோது அவள் கைக்குழந்தை. இப்போது ஒன்பது வயது. போன் செய்தால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கேட்டால் வெட்கம் என்கிறாய். அத்தை மேல் அவளுக்கு என்ன கோபம்? அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்றாவது எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, எங்களுக்குத்தான் ஏறியிருக்கிறது. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

பள்ளிக்கு எதிர் வீடு என்றால் வசதிதான். ஆனால் நடுவில் சாலை இருக்கிறதே. பஸ் வேறு போகும் என்கிறாய். பிள்ளைகள் சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்வர வேண்டும். மற்றதில் எல்லாம் நீ சொல்கிறபடி கேட்கிறேன், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பள்ளியைப் பற்றி நீ இன்னும் சில விவரம் விசாரிக்க வேண்டும். வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? முதல் வரிசையில் இடம் கேட்டால் தருவார்களா? ஆசிரியர்கள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறவர்களா, பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறவர்களா? வகுப்பறைக்குப் பக்கத்தில் பட்டறை, ரயில் பாதை, மோட்டார் அறை மாதிரி சத்தம் போடுகிற இடம் எதுவும் இருக்கக்கூடாது. நாலாம் வகுப்பு ஆசிரியருக்கு அடர்த்தியான மீசை, தாடி இருந்தால் அதையும் தெரிவிக்கவும்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆனாலும் விசாரி. பாடம் இங்கே படிக்கிற அதே மொழியில்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பெரியவன் உன்னைப் பார்க்க ஆவலாக இருக்கிறான். மாநில அளவில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியிருக்கிறான். கால்பந்திலும் அவன்தான் கோல்கீப்பர். சின்னவளும் சுகம்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் பொரிந்துபோனது. இனி வைத்தியம் நீ சொல்ல வேண்டாம்.

சாலையைக் கடக்கக்கூடாதா? ஒன்பது வயதில் ஓடுகிற லாரிக்குக் குறுக்கே பட்டத்தைத் துரத்திக்கொண்டு போனவன் நீ. உன் பிள்ளைகள் என்ன பீங்கானா? சரி, பெற்றவன் கவலை பெற்றவனுக்கு என்று அந்த வீட்டை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அதே பள்ளியின் சுவரை ஒட்டின சந்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். நடைபாதை வழியாகவே வாசல் வரை போய்விடலாம். சமையலறை சின்னது, ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டும். உன் மனைவியிடம் சொல்லிவிடு.

உனக்காக நான் பட்ட அவமானத்தைக் கேள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். அலுவலகப் பெண்ணிடம், "உங்க டீச்சருங்க பலகையைப் பார்த்துப் பேசுவாங்களா, பிள்ளைங்களைப் பார்த்துப் பேசுவாங்களா?" என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, எதிர்ல ஆள் இருந்தா ஆளைப் பார்த்துதானே பேசுவாங்க" என்றாள். மீசையைப் பற்றி அவளிடம் கேட்க வாய் வரவில்லை. வாசல் காவலாளியிடம் கேட்டேன். "கணக்கு வாத்தியாருக்கு மீசை உண்டும்மா, ஆனா அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சே" என்றார். அந்தப் பள்ளி வாசலில் நான் இனிமேல் மாப்பிள்ளை பார்க்க வந்தவள். மீசைக்கு என்னடா குறை? அப்பாவுக்கு இல்லாத மீசையா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் பின்தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை. எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் நடைபாதை, அதை ஒட்டிப் பள்ளிச் சுவர். சாலையே கிடையாது, பஸ் கிடையாது, கூட்டம் குறைவு. உன் நிபந்தனைகள் முக்கால்வாசி அதற்குப் பொருந்தும். ஆனால் அது வேண்டாம். காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு அங்கே நடக்கிறது. பாவம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாதி நேரம் அதுகளையும் மற்றப் பிள்ளைகளோடுதான் உட்கார வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதுகளோடு பழகி, அதுகளைப் போலவே கையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? இவ்வளவு தூரம் வந்து அதற்கா?

ஆகவே சந்து வீடு. பத்து நாளில் சொல். வீட்டுக்காரர் எனக்காகக் காத்திருக்கப் பிறந்தவர் இல்லை.

சின்னவளைப் பற்றி இந்தக் கடிதத்திலும் 'சுகம்' என்று ஒரு சொல். தந்தியா அடிக்கிறாய்?

அக்கா


மார்ச் 25

தம்பிக்கு,

நலமா என்றுகூடக் கேட்கப்போவதில்லை. நலமாக இருந்தால் பதில் போட்டிருப்பாய், நலமில்லை என்றால் தகவல் வந்திருக்கும். ஒரு மாதமாகிறது. வீட்டுக்காரர் தினமும் கடைக்கு வந்து ஒரு பொத்தான் வாங்குவது போல நின்றுவிட்டுப் போகிறார். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

சந்து வீட்டையே பிடித்துவிடு. பள்ளியும் நீ சொல்கிற அந்த முதல் பள்ளியே இருக்கட்டும். மீசை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு இவ்வளவு சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன். நீ பார்த்து எதைச் செய்தாலும் சரி.

உன் பின்தெருப் பள்ளியில் அந்தத் தனி வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? வெளியிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அத்தான் மறுபடி நடைப்பயிற்சிக்குப் போகிறார், போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

நீ இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருவாய் என்று நினைக்கவில்லை. உனக்குக் காய்ச்சலோ என்று அத்தான் கேட்டார். எப்படியோ, வீடு நம் கைக்கு வந்துவிட்டது. பள்ளியிலும் இரண்டு இடம் ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தனி வகுப்பில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, நமக்கெதற்கு அந்தக் கணக்கு?

தலைமையாசிரியை பார்க்க அதட்டலாக இருந்தாலும் நல்ல மாதிரி. "சின்னப் பொண்ணு நல்லா பேசுவாளா?" என்று கேட்டார். போனில் ஒரு வார்த்தை பேசாத கழுதைக்காக நான் பொய் சொன்னேன்: "ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா டீச்சர்." சந்தோஷப்பட்டார். ஒன்று மட்டும் பாக்கி. வந்து இறங்கிய வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சின்னப் பரீட்சை. ஆசிரியை நடந்துகொண்டே ஒரு பக்கம் வாசிப்பார், பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். அதில் தேறினால்தான் இடம் உறுதி. தேறாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இதெல்லாம் ஒரு பரீட்சையா, நம் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிடும். தினமும் கொஞ்சம் கேட்டு எழுதச் சொல்லிப் பழக்கு.

சீருடையை நானே தைத்து வைக்கிறேன், கடைத் தையல் எனக்கே பிடிக்காது. அளவு வேண்டும். உன்னிடம் கேட்டால் இன்ச் டேப்பை லிஃப்ட் கயிற்றுக்குப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாய். உன் மனைவியை எழுதச் சொல்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலத்தையும் மாமாவின் நலத்தையும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இத்தனை மாதமாக எங்களுக்காக நீங்கள் அலைவதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உங்கள் கடிதங்களை அவர் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். பிறகு நான் எடுத்து வாசிப்பேன்.

அளவுகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பெரியவன் வளர்கிற பையன், கால்சட்டையில் மடிப்பு கூடுதலாக விடுங்கள். சின்னவள் ஒல்லி. தோளை மட்டும் தளர்வாக வைத்தால் போதும்.

சின்னவளின் கவுனில் மட்டும் ஒரு சிறு வேலை. உள்பக்கம், இடது நெஞ்சுக்கு நேராக, ஒரு பை வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. கனமான பொருளை வைத்தால் தொங்காதபடி இரட்டைத் துணி போட்டுத் தையுங்கள். காலருக்குக் கீழே ஒரு சின்னத் துளை, பொத்தான் துளை மாதிரி ஓரம் அடித்து. வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது.

இதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். தையல் விஷயம் அவருக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மே 27

தம்பிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். எனக்கு மண்டை வெடிக்கிறது.

முதலில் உன் மனைவி மேல் பாயாதே. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவு மட்டும்தான் அனுப்பினாள். தையல்காரிக்கு அளவு போதும். பின்தெருப் பள்ளியின் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பை தைப்பது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். வருஷா வருஷம் அம்மாக்கள் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காது மிஷின் பெட்டி இவ்வளவு, ஒயர் காதுக்குப் போக இங்கே ஒரு துளை என்று காட்டிவிட்டுப் போவார்கள். அதே அளவு, அதே இடம், அதே துளை. தாளை வாசித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

சாலையைக் கடக்கக்கூடாது. பஸ் வரக்கூடாது. முதல் வரிசை. பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிற டீச்சர். மீசை, கடவுளே, மீசை. உதடு தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் எல்லா வாத்தியார் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு வந்திருப்பேனே. அதற்குப் பதில் என்னைக் காவலாளி சிரிக்கிற மாதிரி வைத்தாய். நானும் உன்னைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தேன்.

போனில் பேசாத பெண்ணைக் கழுதை என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் என்ன எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது. மறுபடி அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கடிதத்தை நீ வாசித்திருக்கிறாய், உன் மனைவி வாசித்திருக்கிறாள், ஒரு மாதம் பதில் இல்லை. எனக்குக் கோபம் உன் மேலா என் மேலா என்று தெரியவில்லை, இரண்டு பேர் மேலும்தான். என் சொந்தத் தம்பி மகளுக்கு என்ன என்று நான் ஒரு பையின் அளவிலிருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

உட்கார்ந்து முழுதாக எழுது. 'சுகம்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ கேட்டபடி முழுதாக.

அவளுக்கு மூன்று வயதில் தெரிந்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், குறும்பு என்று நினைத்தோம். டாக்டர் இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவு, மிஷின் வைத்தால் பேச்சு வரும் என்றார். வந்தது. வீட்டில் நன்றாகவே பேசுவாள். அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மாதான் தடுத்தார்கள். "அவ மாமியார் காதுல விழுந்தா ஊரெல்லாம் பரவிடும். பொண்ணு பெரியவளாகறதுக்குள்ள சரியாயிடும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்கள். முதல் வருஷம் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம், போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று சொல்லவில்லை. அப்படியே ஓடிவிட்டது.

இங்கே இரண்டு பள்ளி மாற்றிவிட்டோம். இரண்டிலும் பெட்டியைப் பார்த்ததும் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். கேட்டால், "கேக்கத்தான் போறதில்லையே சார், எங்க உக்காந்தா என்ன" என்றார் ஒருவர். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மனு போட்டதே அந்த வாரம்தான். அங்கே பெரிய பள்ளி, நல்ல பள்ளி, யாருக்கும் தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

இப்போதும் அதையே நினைக்கிறேன். முதல் பள்ளியிலேயே இருக்கட்டும், அக்கா. முடியை நீளமாக வளர்த்திருக்கிறோம், காதை மூடிவிடும். பெட்டி கவுனுக்குள் போய்விடும். கேட்டு எழுதுகிற பரீட்சைக்குத் தினமும் பழக்குகிறேன். நான் நடந்துகொண்டே வாசிக்கிறேன். முகம் திரும்பும்போது விட்டுவிடுகிறாள், திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்கிறாள். நேற்று பாதிப் பக்கம் சரியாக எழுதினாள். பிறகு அழுதாள். இன்னும் பழகினால் வந்துவிடும்.

பின்தெருப் பள்ளி வேண்டாம். நீ 'அதுகள்' என்று எழுதியதற்காகச் சொல்லவில்லை. உனக்குத் தோன்றியதுதானே ஊருக்கும் தோன்றும்? அவளை யாரும் அப்படிச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானின் முழங்கால் உன் மூளையைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒன்பது வயதுப் பெண்ணைச் சுற்றி நடந்துகொண்டே வாசித்து அழவைக்கிறாயே, உன்னை என்ன செய்யலாம்? கேட்காத பிள்ளையைக் கேட்கிற பிள்ளை மாதிரி நடிக்க வைக்கத்தான் குடும்பத்தோடு கடல் தாண்டி வருகிறாயா? அந்த வகுப்பில் தினமும் ஆறு மணி நேரம் அவள் நடிக்க வேண்டும். உன்னால் ஒரு மணி நேரம் முடியுமா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு லிஃப்ட் மோட்டாரைப் பழுது பார், பிறகு நானே அவளை அங்கே சேர்த்துவிடுகிறேன்.

முதல் பள்ளியில் இரண்டு இடத்தையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்து வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இனி பொத்தான் வாங்க வர மாட்டார். உன்னைக் கேட்கவில்லை. ஏப்ரலில் 'நீ பார்த்து எதைச் செய்தாலும் சரி' என்று எழுதியிருக்கிறாய், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்தெருப் பள்ளிக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருஷம் பின்வாசலைத் திறந்தால் எதிரில் நிற்கிற சுவர், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அந்த வகுப்பின் டீச்சரை எனக்கு முன்பே தெரியும், கடைக்கு வந்து பை கோணலாக இருக்கிறது என்று சண்டை போடுகிற குட்டை முடிக்காரி. என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு நான் உங்க கடைக்கு வரலையே, நீங்க வந்துட்டீங்க" என்றார். என் தம்பி பெண் என்றேன். அவளுக்கும் காது மிஷின் என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், சத்தமே வரவில்லை. பார்த்தால் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய பந்தை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். தரையெல்லாம் கம்பளம், சுவரில் கனமான திரை. இரைச்சல் இருந்தால் மிஷினில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடுமாம்.

அமைதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். சந்தைக்கடை தோற்றது. ஒரு பையன் பென்சிலுக்காக இன்னொருத்தியோடு மல்லுக்கு நிற்கிறான், அவள் திருப்பிக் கொடுக்கிற பேச்சு நம் அம்மா வாய்க்குக் குறைந்ததில்லை. ஒரு குட்டிப் பெண் என் பக்கத்தில் வந்து, "நீங்கதானே பை தைக்கிறவங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என் பை கோணலா இருக்கு" என்றாள். பார்த்தேன், கோணல்தான். சரி செய்து கொடுத்தேன். உதவிக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார். மீசை வைத்திருந்தாராம். பிள்ளைகள் சேர்ந்து புகார் செய்து மழிக்க வைத்துவிட்டார்களாம். போதுமா?

யாரும் கடைசி வரிசையில் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது, குட்டை முடி டீச்சர் பார்க்காத மாதிரி பலகையைத் துடைத்தார்.

ஓர் இடம் இருக்கிறது. அவளுக்கென்று வைத்திருக்கிறார்கள், பரீட்சை கிடையாது. காது சோதித்த தாள்களை மட்டும் அனுப்பு. பெரியவனுக்கும் அதே பள்ளியில் இடம் உண்டு. எல்லைக்குள் வாடகை வீடு இப்போதைக்கு ஒன்றும் காலி இல்லை, ஆகவே எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். மகன் படிக்கப் போனதிலிருந்து அவன் அறை சும்மாதான் கிடக்கிறது. கூடத்தையும் தருகிறோம். அத்தான் தன் பழைய ரேடியோக்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார், அதற்கே உனக்கு ஒரு மாலை போட வேண்டும். பின்வாசலைத் திறந்தால் நடைபாதை. சாலை இல்லை. உன் நிபந்தனையில் ஒன்றும் பாக்கி இல்லை. என் மாமியார் வாயைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நான் இத்தனை வருஷமாகச் சமாளிக்கிறேன். அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

கவுனைத் தைத்துவிட்டேன். பை இன்னும் தைக்கவில்லை. பை எங்கே, எப்படி என்று டீச்சரிடம் கேட்டேன். "என்னை ஏன் கேக்கறீங்க? போட்டுக்கப் போறவளைக் கேளுங்க" என்றார். நானோ நீயோ உன் மனைவியோ அவளைக் கேட்டோமா? நியாயம்தானே. சின்னவளையே எனக்கு எழுதச் சொல். நீ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காதே.

எல்லோருக்கும் என் அன்பு. உனக்கும்தான், போய்த் தொலை.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? மாமாவின் முழங்கால் நலமா? இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பிறகு அவரை வெளியே போகச் சொல்லிவிட்டேன். அண்ணன் எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பான்.

பை வெளியே வேண்டும். உள்ளே வைத்தால் பெட்டியின் மேல் துணி உரசிக்கொண்டே இருக்கும். நடந்தால் உரசும், திரும்பினால் உரசும், மூச்சு விட்டாலும் உரசும். எனக்கு என் சட்டைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். டீச்சர் பேசுவது அதற்குப் பின்னால் எங்கேயோ கேட்கும். இதை அம்மாவிடம் சொன்னேன். வெளியே வைத்தால் எல்லோருக்கும் தெரியும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொள் என்றார். சத்தமாக வைத்தால் சட்டையும் சத்தமாகக் கேட்கும். இது ஏன் பெரியவர்களுக்குப் புரிவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

மூடி வேண்டாம். சிவப்புத் துணியில் தைத்தால் நல்லது. கோணலாக இருக்கக்கூடாது.

என் முடியை வெட்டலாமா என்று அந்த டீச்சரிடம் கேட்டுச் சொல்லுங்கள். காது மேல் விழுந்து அதுவும் உரசுகிறது.

எனக்கு என்ன பிடிக்கும் என்று ஜனவரியில் கேட்டீர்களாம். அண்ணன் இப்போதுதான் சொன்னான். எனக்கு லிஃப்ட் மோட்டார் பிடிக்கும். அப்பா வேலை செய்கிற இடத்தில் அதன் மேல் கை வைத்தால் அது ஓடுவது கையிலேயே தெரியும். கேட்டு எழுதுவது பிடிக்காது. அப்பா கத்துவதும் பிடிக்காது. கத்தினால் அவர் வாய் கோணிப்போகும், அப்புறம் எனக்கு ஒன்றும் புரியாது.

போனில் நான் பேசாதது உங்கள் மேல் கோபத்தில் இல்லை. போனில் உங்கள் வாய் தெரியாது. வந்ததும் உங்களைப் பார்த்துப் பேசுவேன். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்படி அண்ணன் சொல்கிறான்.

உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: பை வெளியே. அம்மா வேறு மாதிரி எழுதினால் நம்ப வேண்டாம்.